விருந்துக்கு வந்த குரல்



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நமது சங்கத்துப் படிப்பகத்தில் பழைய இதழ்களை அடுக்கிக் கொண்டிருந்தோம். சங்க உறுப்பினர் ஒருவரின் மகன், கோவையில் பொறியியல் பயில்பவர், விடுமுறைக்கு வந்திருந்தார். "அண்ணா, வேலையைச் சற்று நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள்" என்று தம் கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

மெல்ல ஒரு தாளம் தொடங்கிற்று. விரைவில்லை, ஆரவாரமில்லை. பெருமழை ஓய்ந்தபின் ஓட்டுக் கூரையிலிருந்து நீர் சொட்டுவது போன்ற நடை. அதன்மீது ஒரு பெண்குரல் அடக்கமாக எழுந்தது. ஆங்கிலச் சொற்கள் நமக்கு முழுதும் பிடிபடவில்லை. ஆயினும், துன்புற்றிருக்கும் ஒருவருக்கு அரணாக நிற்பேன் என்று அப்பெண் சொல்லுவது மட்டும் விளங்கிற்று. ஏறத்தாழ 8 நிமிடம் அப்பாட்டு. முடிந்ததும், "யார் பாடியது, தம்பி?" என்று கேட்டோம்.

"மாசிவ் அட்டாக் என்னும் குழு, அண்ணா."

"குழுவின் பெயர் இருக்கட்டும். பாடிய அம்மையார் யார்?"

"அவர் அக்குழுவைச் சேர்ந்தவர் அல்லர். கெஸ்ட். விருந்துக்கு வந்து பாடிப் போனவர்."

இச்சொல் நம்மை அன்றிரவு உறங்கவிடவில்லை. விருந்துக்கு வந்து பாடிப் போனவர்! பிழைப்பைத் தேடி எல்லை தாண்டி வந்த குடும்பங்களின் இதழ் இது. விருந்தினராய் இருப்பது இன்னதென்று நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? ஆகவே இம்மாதப் பகுதியை அந்த இசைத்தட்டுக்கே ஒதுக்கினோம். நாம் பள்ளியிறுதி வகுப்போடு நின்றவர். பகலெல்லாம் புகைவண்டி நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் பதிவேடு எழுதுபவர். இசை இலக்கணம் அறியோம். ஆயினும் கேட்டதையும் அறிந்ததையும் கூறத் தடையில்லை அன்றோ?

இங்கிலாந்தின் மேற்கே பிரிஸ்டல் என்றொரு துறைமுக நகரம் உண்டு. அந்நகரத்து இளைஞர் மூவர், ராபர்ட் டெல் நாயா, கிராண்ட் மார்ஷல், ஆண்ட்ரூ வவுல்ஸ் என்போர், சேர்ந்து அமைத்தது மாசிவ் அட்டாக் குழு. இவர்களது முதல் தொகுப்பு 'புளூ லைன்ஸ்' 1991இல் வெளிவந்தது. அதில் ஷாரா நெல்சன் என்னும் பெண்மணி பாடிய பாட்டொன்று குழுவின் புகழை நாடெங்கும் பரப்பிற்று. பின்னர் அப்பெண்மணி தம் வழியே சென்றுவிட்டார். புகழ் தேடித் தந்த குரல் போய்விட்டது. இனி யாது செய்வது?

மூவரும் வீட்டுக் கதவை அகலத் திறந்தனர். 1994இல் வந்த இரண்டாம் தொகுப்பின் பெயர் 'புரொடெக்‌ஷன்', அதாவது காப்பு. அதில் 10 உருப்படிகள். இரண்டில் குரலே இல்லை, கருவி மட்டும். எஞ்சிய எட்டில் விருந்தினராய் வந்த நால்வர் ஆளுக்கு இரண்டாகக் குரல் கொடுத்திருக்கின்றனர். பந்தியில் இலை போட்டதுபோல் என்ன ஒழுங்கான கணக்கு!

அந்த நால்வர் யாவர்? ஒருவர் ஆங்கிலப் பெண்மணி டிரேசி தார்ன். நாம் கேட்ட பாட்டு அவர் பாடியதே. சொற்களும் அவருடையவை. மற்றொருவர் நிக்கோலெட். நைஜீரியப் பெற்றோருக்கு ஸ்காட்லாந்தில் பிறந்தவர். மூன்றாமவர் ஜமைக்கா தீவின் மூத்த பாடகர் ஹோரஸ் ஆண்டி. நான்காமவர் டிரிக்கி. பிரிஸ்டல் நகரத்தவர். பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையான ஒரு நடையில் டெல் நாயாவோடு சேர்ந்து சொல்லுபவர்.

இவ்வகை இசையை 'டவுன்டெம்போ' என்று வழங்குகின்றனர். நம் சங்கீத வித்துவான்கள் சவுக்க காலம் என்று சொல்லும் நிதான நடை அது. இது ஆக்கப்படும் முறை விந்தையானது. பழைய இசைத்தட்டு ஒன்றிலிருந்து நாலு விநாடி முழவொலியை வெட்டி எடுப்பர். அதைப் பொறியில் இட்டு, செக்கு மாடு சுற்றுவதுபோல் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவர். அதன்மேல் மத்தள ஓசை, நரம்புக் கருவி ஓசை, மழையின் ஓசை என ஒவ்வொன்றாக அடுக்குவர். வீடு கட்டி முடிந்துவிடும். ஆனால் வீட்டில் ஆள் இராது. அப்போதுதான் மனிதக் குரலை வருந்தி அழைப்பார்கள். வீட்டுக்காரர் பொறி, விருந்தினர் மனிதர். காலத்தின் கோலம் இது!

இங்கே ஓர் அபாயம் உண்டு. வீட்டுக்காரர் வலியவராயின் விருந்தினர் மறைந்து போவார். குரலையும் முழவொலி போல் வெட்டி எடுத்து, பெயர் சொல்லாமல் சுற்றவிட்டால் கேட்பார் யார்? இத்தொகுப்பில் அவ்வாறு நேரவில்லை. டிரேசி தார்ன் தாமே எழுதிய சொற்களோடு வந்தார், எழுதியவர் என்னும் உரிமையும் பெற்றார். ஹோரஸ் ஆண்டி 1980களின் தொடக்கத்தில் தாம் பாடி வைத்திருந்த 'ஸ்பையிங் கிளாஸ்' என்னும் பாட்டையே கையோடு கொணர்ந்தார். அவரவர் பாட்டு அவரவர் பெயரிலேயே வழங்குகிறது. ஹோரஸ் ஆண்டி அதன்பின்னும் அக்குழுவைப் பிரியவில்லை. அவர்கள் வெளியிட்ட ஐந்து தொகுப்புகளிலும் அவர் குரல் உண்டு. டிரேசி தார்னோ தம் சொந்தக் குழுவுக்குத் திரும்பி, 1996இல் அக்குழுவின் இசையையே இப்புதிய வழிக்குத் திருப்பினார். உண்ட வீட்டிலிருந்து ஒரு பக்குவம் கற்றுச் சென்றார் எனலாம்.

நிற்க. பிரிஸ்டலைப் பற்றி இன்னொரு செய்தி நம்மைப் போன்ற குடும்பங்கள் அறியத்தக்கது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பலர் அந்நகரில் குடியேறினர். அவர்களை அந்நகரத்துப் பேருந்துகளில் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ சேர்த்துக்கொள்ள மறுத்தனர். நிறமே காரணம். 1963ஆம் ஆண்டு ஏப்பிரல் இறுதியில் கறுப்பு மக்கள் பேருந்தைப் புறக்கணித்தனர். பிற மக்களும் துணை நின்றனர். நான்கு மாதப் போராட்டத்திற்குப் பின் ஆகஸ்டு 28ஆம் நாள் தடை நீங்கிற்று. செப்டம்பரில் முதல் நடத்துநராக அமர்ந்தவர் நம் நாட்டுச் சீக்கியர், ரக்பீர் சிங் என்பவர்! போக்குவரத்துத் துறையில் ஊதியம் வாங்கும் நாம் இதைப் படித்தபோது அடைந்த நெகிழ்ச்சியைச் சொல்ல இயலாது.

சீட்டுக் கிழிக்கவும் ஆகாதவர் என்று ஒதுக்கப்பட்டாரே, அத்தகைய குடும்பங்களின் அடுத்த தலைமுறைதான் முப்பது ஆண்டில் அந்நகரத்தின் இசையையே மாற்றிற்று. கிராண்ட் மார்ஷலின் பெற்றோர் பார்படாஸ் தீவினர். டெல் நாயாவின் தந்தையார் இத்தாலியிலிருந்து வந்தவர். 1995இல் இத்தொகுப்பின் பெரும்பகுதியை வேறு விதமாகக் கலந்து வெளியிட்ட மாட் புரொபசர் என்பவர் கயானாவில் பிறந்து இலண்டனில் குடியேறியவர். இன்று பிரிஸ்டல் என்றால் உலகத்துக்கு நினைவு வருவது இந்த இசைதான். விருந்தாக வந்தவரே வீட்டின் குரலானார்.

இதையெல்லாம் ஆனைகட்டியில் உட்கார்ந்துகொண்டு சொல்லுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. நம் ஊரில் இக்கதை தலைகீழாக நிற்கிறது.

ஆனைகட்டியில் ஓடையின் இப்பக்கம் கேரளம், அப்பக்கம் தமிழ்நாடு. ஒரு கடையில் 'சாயா' என்று கேட்டவர் நூறடி நடந்து அடுத்த கடையில் 'டீ' என்று கேட்கிறார். நம்மில் பலருடைய பாட்டனார் கோவைப் பக்கத்திலிருந்து அட்டப்பாடிக்கு நிலம் தேடி வந்தவர்கள். மலையாள நாட்டின் தாழ்நிலத்திலிருந்து வந்தவர்களும் உளர். ஆனால் இம்மலைக்கு உரியவர் இருளர், முடுகர், குறும்பர் என்னும் பழங்குடியினர். 1951ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அட்டப்பாடியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அவர்களே. பின்னர் வந்த கணக்குகளில் அவர்கள் பாதிக்கும் கீழே போயினர். அவர்கள் இழந்த நிலத்தை மீட்டுத் தரக் கேரள அரசு 1975இல் தனிச் சட்டமே செய்ய நேர்ந்தது. ஆக, இம்மண்ணில் நாம் விருந்தினர், அவர்கள் வீட்டுக்காரர். இதை மறப்பது எளிது. நினைவூட்ட ஒரு பாட்டு வந்தது.

2020 பிப்ரவரியில் வெளிவந்த 'அய்யப்பனும் கோஷியும்' என்னும் மலையாளப் படத்தை நம்மில் பார்க்காதவர் குறைவு. கதை நடப்பதே அட்டப்பாடியில். அதன் முகப்புப் பாட்டைப் பாடியவர் நஞ்சியம்மா, இங்குள்ள இருளர் குலத்து மூதாட்டி. ஆடுமாடு மேய்த்து, நிலத்தில் உழைத்து வாழ்ந்தவர். பழனிச்சாமி என்னும் இருளர் கலைஞர் நடத்திவரும் ஆசாத் கலா சமிதியில் பாடி வந்தவர். சந்தனமரம் பூத்திருப்பதையும், பூப்பறிக்கப் போவதையும், வானூர்தியைப் பார்ப்பதையும் தம் இருளர் மொழியில், தாமே கட்டிய சொற்களில் பாடினார். இசையமைப்பாளர் ஜேக்ஸ் பிஜாய் அக்குரலை நடுவீட்டில் அமர்த்தி, படத்தின் இசையை அதைச் சுற்றி அமைத்தார். தமிழ் அறிந்த காதுக்கு அப்பாட்டு பாதி புரியும், பாதி புரியாது. புரியாத பாதியிலும் ஏதோ நம் பாட்டியின் பேச்சு ஒளிந்திருப்பது போல் தோன்றும்.

படத்தின் இயக்குநர் சச்சி அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே காலமானார். 2022 ஜூலையில் 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டபோது, சிறந்த இயக்குநர் என்று அவர் பெயரும், சிறந்த பின்னணிப் பாடகி என்று நஞ்சியம்மாவின் பெயரும் சேர்ந்து வந்தன. செப்டம்பர் 30ஆம் நாள் புதுதில்லியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அவர்களிடமிருந்து நஞ்சியம்மா விருதைப் பெற்றார். பழங்குடியில் பிறந்த குடியரசுத் தலைவர் கையால் பழங்குடிப் பாடகி பரிசு பெற்ற அக்காட்சியைக் கண்டு நம் கடைவீதியில் கைதட்டாதவர் இல்லை.

சிலர் முகம் சுளிக்கவும் செய்தனர். முறையாகப் பயின்றவர்க்கன்றோ இப்பரிசு உரியது, சுருதிப் பெட்டியோடு ஒட்டிப் பாட அறியாதவர்க்கு எங்ஙனம் தரலாம் என்றனர். கேரளத்துப் பாடகர் பலரே அதற்கு விடை கூறினர். நம் சிறுமதிக்குத் தோன்றுவது ஒன்றே: சந்தனமரம் எந்தக் குருகுலத்தில் மணக்கக் கற்றது?

ஆனால் நம் உள்ளத்தை உறுத்துவது வேறு. தம் சொந்த மலையைப் பற்றிய படத்திலே, தம் சொந்த மொழியிலே, தாமே கட்டிய பாட்டைப் பாடிய அம்மூதாட்டி, அந்த இசைக்கு 'விருந்தினர்' ஆனார். வீட்டுக்குரியவர் திண்ணையில் அமர்ந்து, வந்தவர் அழைத்தபின் உள்ளே வந்தார். அவர் பெயர் நிலைத்ததால் நமக்கும் மகிழ்ச்சி. பெயர் நிலைக்காமல் காற்றில் போன குரல் எத்தனையோ!

தமிழ்ப் படவுலகிலும் இவ்வரவேற்பு புதிதன்று. 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் கொல்லங்குடி கருப்பாயி அம்மையாரும், 2003இல் 'தூள்' படத்தில் பரவை முனியம்மா அவர்களும் கிராமத்துக் குரலோடு வந்தனர். பெயரும் பெற்றனர். அண்மையில் நடந்ததோ நம்மைச் சிந்திக்க வைப்பது. 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' என்னும் பாட்டு வந்தது. பாடியவர் தீயும் அறிவும், இசை சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஊர் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளிலிருந்து அறிவு அதன் சொற்களை எடுத்தார். இடுக்கித் தோட்டங்களில் வாழும் நம் சங்கக் குடும்பங்கள் அதைத் தம் பாட்டாகவே பாடின.

ஆனால் பாட்டு வளர வளரப் பெயர்த் தகராறும் வளர்ந்தது. அதே ஆண்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அறிவின் படம் இல்லை என்று குறை எழுந்தது. 2022 ஜூலை 28ஆம் நாள் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அப்பாட்டைப் பாடினர், அறிவு மேடையில் இல்லை. தம் உழைப்பை அவர் எடுத்து எழுத, மற்றவர்கள் தம் பங்கை எடுத்துரைத்தனர். பின்பு 2024 மார்ச்சில், தம் மூவருக்குமே அப்பாட்டினால் ஒரு காசும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். நாம் நடுவர் அல்லோம், தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கே பெயரும் பொருளும் இவ்வாறு தடுமாறுமாயின், ஊர்த் திருவிழாவில் பாடும் கிழவியின் கதி என்ன என்பதே நம் கேள்வி.

சட்டம் இல்லாமல் இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை 2012இல் திருத்தினார்கள். பாடுவோர், ஆடுவோர், கருவி இசைப்போர் தம் நிகழ்ச்சிக்கு உரியவராகப் பெயர் சொல்லப்படும் உரிமையும், அதை வணிகத்திற்குப் பயன்படுத்தினால் பங்கு பெறும் உரிமையும் அதில் உண்டு. ஆனால் சட்டப் புத்தகம் விழா நோட்டீசைத் திருத்தாது. அதை எழுதுபவரே திருத்த வேண்டும்.

இங்கேதான் நாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது. சென்ற பொங்கல் விழாவுக்கு நமது சங்கம் அருகிலுள்ள இருளர் ஊரிலிருந்து ஒரு குழுவை அழைத்தது. தவிலும் பொறையும் கொகாலும் முழங்க, இரவு பதினொரு மணிவரை ஆடிப் பாடினர். எழுந்து போனவர் ஒருவருமில்லை. நோட்டீசில் தலைவர் பெயர், செயலாளர் பெயர், பந்தல் தந்தவர் பெயர், ஒலிபெருக்கிக்காரர் பெயர் எல்லாம் இருந்தன. ஆடியவர்க்கு மட்டும் 'ஆதிவாசிகள் நடனம்' என்று ஒற்றை வரி. விழா முடிந்து சோறு பரிமாறுகையில் குழுவின் மூத்த அம்மையார் அந்நோட்டீசை நீட்டி, "பேத்தி படிக்கிறாள் சாமி, இதில் என் பேர் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், அவளிடம் காட்ட வேண்டும்" என்றார். நோட்டீசை எழுதியவர் வேறு யாருமல்லர், நாமே. விடை சொல்ல நா எழவில்லை. "அடுத்த முறை போடுவோம், அம்மா" என்றோம். அவர் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

பார்சல் அலுவலகத்தில் நம் தொழில் என்ன? அனுப்புவோர் பெயர், பெறுவோர் பெயர், எடை, சேரும் நிலையம் இவற்றை எழுதாமல் ஒரு வாழைத்தார் கூட வண்டி ஏறாது. பெயரழிந்த மூட்டை வந்தால் உரியவர் தெரியாத சரக்கென்று மூலையில் கிடக்கும், முடிவில் யாரோ ஏலத்தில் எடுப்பர். பதினான்கு ஆண்டுகள் பிறர் மூட்டைக்குப் பெயர் எழுதிய கை, ஒரு பாட்டுக்குப் பெயர் எழுத மறந்தது. அந்த ஆங்கிலத் தட்டில் நால்வர் பெயரும் ஒழுங்காக நிற்பதைப் பார்த்தபோது நினைவுக்கு வந்தது இடுப்பில் செருகிய அந்தக் காகிதமே.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்றே பொருள். தொல்காப்பியர் செய்யுளின் வனப்புகள் எட்டைச் சொல்லுமிடத்து, புதிதாகப் புனையப்படும் நூலுக்கு 'விருந்து' என்றே பெயரிட்டார். எவ்வளவு பொருத்தம்! வேற்றுக் குரல் ஒன்று வந்து சேரும்போதுதான் பழைய வீட்டில் புதுப்பாட்டு பிறக்கிறது. பிரிஸ்டலில் அப்படித்தான் நேர்ந்தது, அட்டப்பாடியிலும் அப்படித்தான். ஆனால் வந்தவரை உண்ணச் செய்து பெயர் கேளாமல் அனுப்புவது விருந்தோம்பல் ஆகாது. வீட்டுக்காரரையே விருந்தினராக்கி, அவர் பெயரையும் கேளாமல் விடுவதற்கு என்ன பெயர் சூட்டுவது?

ஆகவே செயற்குழுவில் ஒரு வேண்டுகோள் வைத்தோம். அது ஏற்கப்பட்டது. இனி நமது விழா நோட்டீசுகளிலும் இவ்விதழிலும் பாடியவர், ஆடியவர், கொட்டியவர் ஒவ்வொருவர் பெயரும், அவர்கள் சொல்லுகிறபடியே, தலைவர் பெயர் உள்ள அதே அளவு எழுத்தில் அச்சாகும். சங்கப் பிள்ளைகள் கைப்பேசியில் ஒரு பாட்டைப் பதிந்து பரப்பினால், பாடியவரிடம் ஒப்புதல் கேட்டு, பெயரோடு பரப்ப வேண்டும்.

சென்ற பொங்கலுக்கு ஆடிய பதினோரு பேரின் பெயர்களையும், அவர்களது ஊருக்கு நேரில் சென்று ஒப்புதல் பெற்று, இவ்விதழின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். பத்து மாதம் தாழ்ந்துவிட்டது. முதற்பெயர் அந்த அம்மையாருடையது. இதழின் முதற்படியை இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பேத்தியின் கையில் கொடுக்கப் போகிறோம். உடன் வர விரும்புவோர் காலை ஒன்பது மணிக்குப் படிப்பகத்துக்கு வந்து சேருக.